வெளியிலிருந்து வரும் சிக்னலை வைத்து வலுவைக் கட்டுப்படுத்துவது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் சோலார், பற்றரி, ஜெனரேற்றர் மூன்றும் ஒன்றாக ஓடுகிற இடங்களில் வேலை செய்கிறேன். அரிசி ஆலை, ஐஸ் போடுகிற இடம், மீன் குளிரறை, தோட்டக் கிணறு என்று எங்கே போனாலும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதை விட எழுதிவைத்தால் நல்லது என்று பட்டது.

வெளிச் சிக்னல் என்றால் என்ன? என்னுடைய இன்வேட்டருக்கு அது எதற்கு?

எனர்ஜி மனேஜ்மென்ற் சிஸ்ரம் என்று சொல்கிற அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இரண்டு விதமாக விஷயம் தெரியவரும். ஒன்று, தானே அளந்து பார்ப்பது: மீற்றர், பற்றரி வோல்ற்றளவு போன்றவை. மற்றது, வேறு யாரோ அதற்குச் சொல்வது. "இப்போது ஜெனரேற்றரில் ஓடுகிறோம்", "கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது", "லைனுக்கு இப்போது உன் கரண்ட் வேண்டாம்" என்று சொல்ல வேண்டுமானால் பெரும்பாலும் இரண்டு வயர் போதும். அவை தொட்டால் ஒரு கதை, விட்டால் இன்னொரு கதை. பெட்டி அதைப் பார்த்து, நீங்கள் முன்பே எழுதிவைத்த விதிப்படி வலுவைக் குறைக்கும்.

வீட்டில் ஐந்து கிலோவாற் சோலார் மட்டும் இருக்கிறது, பற்றரியும் இல்லை, ஜெனரேற்றரும் இல்லை என்றால் இன்றைக்கு இது உங்களுக்கு அவசரமில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலிருந்து கரண்ட் வருகிறதென்றால் கட்டாயம் வேண்டும்.

குறைக்கிறதுக்கு ஏன் இவ்வளவு பாடு? இன்வேட்டரை நிறுத்திவிட்டால் சரிதானே?

இல்லை. நிறுத்துவதும் குறைப்பதும் ஒன்றல்ல. என்னைக் கேட்டால் இந்தப் பக்கம் முழுவதிலும் முக்கியமான விஷயம் இதுதான்.

2025 சித்திரைப் புத்தாண்டு ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 13 முதல் 21 வரை பகலில் பிற்பகல் 3 மணிவரை கூரைச் சோலாரை நிறுத்திவைக்கச் சொல்லி மின்சார சபை எல்லோரையும் கேட்டது. காரணம் விளங்கக்கூடியது. விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டு, கந்தோர்கள் பூட்டு, வெயிலோ உச்சியில். பாவிக்க ஆளில்லாத நேரத்தில் கரண்ட் கூடிப்போனால் முழு லைனும் நிலைகுலையும். அதே வருடம் பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதோடு நாடு முழுக்க இருண்டது. அன்றும் பாவனை குறைவு, சோலார் அதிகம். அப்படிப்பட்ட நேரத்தில் மின்நிலையங்களில் சுழன்றுகொண்டிருக்கும் பெரிய இயந்திரங்கள் குறைவாக இருப்பதால் ஒரு சின்ன அதிர்ச்சியைக்கூட லைன் தாங்காது.

சரி, அந்த ஏப்ரலில் நம்மாட்கள் என்ன செய்தார்கள்? பிறேக்கரைக் கையால் இறக்கிவிட்டார்கள். மீன் குளிரறை வைத்திருந்தவர் கூரையில் வெயில் காய, குளிரறையை லைன் கரண்டில் ஓட்டிக் காசு கட்டினார். அவருடைய மெயின் மீற்றருக்குப் பக்கத்தில் அளக்கிற சென்சர் இருந்து, பெட்டியில் "சிக்னல் வந்தால் வெளியே போவது பூச்சியம்" என்ற விதி இருந்திருந்தால், லைனுக்கு ஒரு வாற்றும் போயிராது, குளிரறையும் சொந்த வெயிலிலேயே ஓடியிருக்கும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நெற் பிளஸ் முறையில் இருப்பவர்களுக்கு உற்பத்தி முழுவதும் தனி மீற்றரூடாக நேரே லைனுக்குப் போகிறது, ஆகவே அவர்களுக்கு வெளியே போவது பூச்சியம் என்றால் உற்பத்தியும் பூச்சியம்தான். சொந்தப் பாவனை போக மிச்சத்தை மட்டும் லைனுக்கு விடுகிற நெற் மீற்றரிங், நெற் அக்கவுண்டிங் ஆட்களுக்குத்தான் இந்த நன்மை. எதுவானாலும் சபையோடு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான் முதல் விதி, மிச்சம் எல்லாம் அதற்குப் பிறகு.

கரண்ட் நின்று ஜெனரேற்றர் எடுக்கும்போது சோலாரும் சேர்ந்து ஓடலாமா?

ஓடலாம். ஆனால் சிக்னல் இல்லாமல் ஓடவிடாதீர்கள். நான் பார்த்த சேதங்களில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் வந்தது.

சாதாரண சோலார் இன்வேட்டருக்கு லைன் எது, ஜெனரேற்றர் எது என்று தெரியாது. 50 ஹேர்ட்ஸ் கண்டால் ஒட்டிக்கொண்டு, வெயில் எவ்வளவோ அவ்வளவையும் தள்ளும். லைன் ஒரு கடல், தள்ளுவதை வாங்கிக்கொள்ளும். ஜெனரேற்றர் அப்படியல்ல. ஆலையில் பாவனை 10 கிலோவாற், சோலார் 18 கிலோவாற் என்றால் மிச்ச எட்டும் ஜெனரேற்றருக்குள்ளேயே திரும்பி நுழைகிறது. எஞ்சினைக் கரண்ட் சுழற்ற ஆரம்பிக்கும், வோல்ற்றளவு ஏறும், ஒன்றில் டிறிப் ஆகும், இல்லாவிட்டால் எதையாவது எரிக்கும்.

அதைவிடச் சத்தமில்லாமல் நடக்கிற சேதம் ஒன்றும் இருக்கிறது. டீசல் எஞ்சினைத் தொடர்ந்து குறைந்த சுமையில் ஓட்டினால் சூடு காணாமல் எரிபொருள் அரைகுறையாக எரியும். புகைக்குழாய் வாயில் கறுத்த, ஈரமான எண்ணெய்ப் பிசின் கசிந்திருந்தால் அது இதுதான். அதனால் பொதுவாக அதன் அளவில் 30 வீதத்துக்குக் கீழே சுமையை இறங்கவிடக் கூடாது என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கைப் பாருங்கள். 50 கேவிஏ ஜெனரேற்றர் என்றால் கிட்டத்தட்ட 40 கிலோவாற். அதில் 30 வீதம் 12. ஆலையின் பாவனை 25 என்றால் சோலார் 13-க்கு மேல் போகக் கூடாது. ஆலை 15-க்கு இறங்கினால் சோலார் 3. பெட்டி இதைத் தானே கணக்குப்போட வேண்டுமானால் ஜெனரேற்றர் பக்கத்திலும் ஒரு மீற்றர் வேண்டும். அது இல்லையென்றால், ஆலை ஆகக் குறைவாக இழுக்கிற அளவைப் பிடித்து, அதிலிருந்து 12-ஐக் கழித்து, வருவதை நிரந்தர எல்லையாகப் போடுங்கள். கழித்தால் பூச்சியமோ அதற்குக் கீழோ வருகிறதென்றால், ஜெனரேற்றர் ஓடும்வரை சோலாரை நிறுத்துவதுதான் சரி.

அந்தச் சிக்னலை ஜெனரேற்றரின் சாவியிலிருந்து எடுக்கலாமா?

வேண்டாம். கிழமைக்கொருதரம் சும்மா ஸ்ராட் பண்ணிப் பார்ப்பீர்கள்தானே? அப்போது ஆலை லைனில்தான் இருக்கும், ஆனால் பெட்டி ஜெனரேற்றர் என்று நினைத்துச் சோலாரை வீணாக இறக்கும். லைனையும் ஜெனரேற்றரையும் மாற்றிப்போடுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்சில், ஜெனரேற்றர் பக்கம் விழுந்தால் கூடவே மாறுகிற சின்ன உதவித் தொடுகை இருக்கும், அதிலிருந்து எடுங்கள். சுவிட்ச் விழுந்த கணமே பெட்டிக்குத் தெரிந்துவிடும். சோலார் இன்வேட்டர் மறுபடி ஒட்டுவதற்கு முன் எப்படியும் கொஞ்ச நேரம் லைனைப் பார்த்துக் காத்திருக்கும், அதற்குள் புதிய எல்லை போய்ச் சேர்ந்துவிடும்.

எங்களிடம் பற்றரி இன்வேட்டர்தான். ஜெனரேற்றர் எடுத்த உடனே இறுகுகிறது. இதுவும் அதுவா?

"தம்பி, எடுத்தவுடனே எஞ்சினுக்கு மூச்சு முட்டுது" என்று பரந்தன் பக்கம் ஒரு ஆலைக்கார ஐயா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை. இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் பற்றரி வறண்டிருந்தது, ஜெனரேற்றர் வந்ததும் பற்றரிச் சார்ஜர் தன் முழு அளவையும் இழுக்க, அதே நிமிடத்தில் ஆலை மோட்டரையும் போட்டிருக்கிறார்கள். மோட்டர் எடுக்கும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சேஞ்ச் ஓவரிலிருந்து இரண்டு வயரைக் கொண்டுவந்து, ஜெனரேற்றர் பக்கம் விழுந்தால் சார்ஜ் 2 கிலோவாற்றுக்கு மேல் வேண்டாம் என்று போட்டோம். அதன் பிறகு மூச்சு முட்டவில்லை. இரவில் ஆலை ஓடாத நேரம் ஜெனரேற்றரைப் போட்டால் சார்ஜைக் கூட்டிவிடுவதுதான் எஞ்சினுக்கும் நல்லது என்பதால், ஆலை மோட்டரைப் போட்டு நிறுத்துகிற பெரிய சுவிட்சான கொன்ராக்ரரிலிருந்து இரண்டாவது சிக்னல் ஒன்றும் கொடுத்தோம்.

எந்த வகைச் சிக்னல் நல்லது?

வோல்ற் இல்லாத வெறும் தொடுகை. நம்முடைய இடங்களுக்கு அதற்கு மேலே ஒன்றும் இல்லை. படிப்படியாகக் குறைக்க வேண்டுமானால் 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான சிக்னல் நல்லது, ஏனென்றால் பூச்சியம் வந்தால் வயர் அறுந்துவிட்டது என்று அர்த்தம்; 0 முதல் 10 வோல்ற் முறையில் அறுந்த வயரும் "பூச்சியம்" என்ற கட்டளையும் ஒன்றுபோலத் தெரியும். கருவிகள் ஒன்றோடொன்று பேசுகிற மொட்பஸ் முறை வழியாகவும் செய்யலாம், எழுதத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால். இணையம் வழியாக மட்டும் கட்டளை வருகிற மாதிரி வைக்காதீர்கள். போன் ரவர் விழுந்த அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

வயர் அறுந்தால் என்ன நடக்கும்?

இதை என்னிடம் கேட்கிற ஆட்கள் குறைவு, எல்லோரும் கேட்க வேண்டியது. எலி கடிக்கும். உழவு இயந்திரம் இழுத்துப்போடும். மாடு வேலியோடு சேர்த்து மிதிக்கும். அன்றைக்கு உங்கள் பெட்டி எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று இன்றே முடிவெடுங்கள்.

நான் செய்வது இப்படி: தொட்டிருந்தால் முழு வலுவுக்கு அனுமதி, விட்டால் எல்லை. அதாவது அறுந்த வயரும் "குறை" என்றே சொல்லும். ஜெனரேற்றருக்கும் லைனுக்கும் இதில் பாதுகாப்பு. இதற்கு நீங்கள் கொடுக்கிற விலை, வயர் அறுந்தது தெரியாமல் ஒரு மாதம் சோலார் குறைந்தே ஓடலாம் என்பது. அதனால் எல்லை ஆறு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் போனுக்கு ஒரு செய்தி வர வைத்துவிடுகிறேன்.

எல்லாம் சரியாகத்தான் வயர் பண்ணினோம். ஆனால் சிலவேளை வேலை செய்கிறது, சிலவேளை செய்யவில்லை. ஏன்?

அனேகமாகத் தொடுகைதான். முல்லைத்தீவுக் கரையோரம் ஐஸ் போடுகிற ஒரு இடத்தில் இதைப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. கொன்ராக்ரர் "டொக்" என்று விழுகிறது, மல்டிமீற்றர் வைத்தால் பீப் வருகிறது, ஆனால் பெட்டிக்கு மட்டும் தெரியவில்லை. கடைசியில் பீப்பை விட்டு, தடை எத்தனை ஓம் என்று பார்த்தேன். முதல் தடவை 3, அடுத்த தடவை 40, அதற்கடுத்தது எல்லை தாண்டிப் போனது. கழற்றிப் பார்த்தால் உதவித் தொடுகையின் வெள்ளி முகத்தில் கறுப்பு படிந்திருந்தது, உப்புக் காற்றும் சேர்ந்து.

விஷயம் இதுதான். பெரிய கொன்ராக்ரரின் தொடுகை 230 வோல்ற்றில் அம்பியர் கணக்கில் போவதற்குச் செய்தது. அந்தக் கரண்டில் ஒவ்வொரு முறையும் சின்னப் பொறி பறந்து முகத்தில் படிகிற கறுப்பு எரிந்துபோகும். பெட்டியின் உள்ளீட்டில் போவதோ ஐந்து வோல்ற், சில மில்லியம்பியர். அதற்குப் படிவை உடைக்கிற பலம் இல்லை. ஆகவே இடையில் தங்க முலாம் பூசிய தொடுகை உள்ள சின்னச் சிக்னல் ரிலே (கொயிலில் கரண்ட் போனால் தொடுகிற சுவிட்ச்) ஒன்றைப் போடுங்கள். கொன்ராக்ரர் அந்த ரிலேயின் கொயிலை ஓட்டட்டும், ரிலே பெட்டிக்குச் சொல்லட்டும். கொயில் நேர்மின்னோட்டத்தில் ஓடுவதானால் குறுக்கே ஒரு டயோட்டையும் மறக்க வேண்டாம்.

230 வோல்ற்றை நேராக உள்ளீட்டுக்குக் கொடுத்துப் பெட்டியை எரித்தவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து கையேட்டைப் பார்க்காமல் எதையும் சொருகாதீர்கள். பெட்டிக்குள் வயர் நுழையும் ஓட்டையை இறுக்கமாக அடையுங்கள், பல்லியும் எறும்பும் சூடு தேடி உள்ளே போகும்.

ஜெனரேற்றர் கொட்டிலுக்கும் பெட்டிக்கும் 80 மீற்றர். என்ன கேபிள்?

முறுக்கிய சோடி, உலோக உறை போட்டது. உறையை ஒரு பக்கத்தில் மட்டும் ஏர்த் பண்ணுங்கள். மெயின் கேபிளோடு ஒரே குழாயில் விடாதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி இங்கே எப்படி இருக்கும் என்று தெரியும், வெட்டவெளி வயல் நடுவே அவ்வளவு நீள வயர் ஒரு அன்ரெனா மாதிரி. இரண்டு நுனியிலும் மின்னல் தடுப்பான் போடுங்கள். வசதி இருந்தால் ஃபைபர், அதற்கு மின்னல் பயமே இல்லை.

மெனுவில் 100, 60, 30, 0 என்று நாலு வீதம் வருகிறது. இது என்ன கணக்கு?

ஜேர்மனிக்காரர் கணக்கு. அங்கே லைன்காரர் ஒரு ரிசீவர் தருவார், அதில் நாலு ரிலே, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீதம். சோலாரைத் தூரத்திலிருந்து இறக்குவதற்காக வந்த ஏற்பாடு. 2024 ஜனவரி 1 முதல் அங்கே பாவனைப் பக்கத்துக்கும் சட்டம் வந்தது: புதிதாகப் போடுகிற வாகனச் சார்ஜர், ஹீற் பம்ப் போன்றவற்றை லைன் நெருக்கடியில் குறைக்கலாம், ஆனால் 4.2 கிலோவாற்றுக்குக் கீழே இறக்கக் கூடாது. எனக்கு இது மிகவும் பிடித்த விதி. குறைக்கிற அதிகாரத்தோடு, இவ்வளவு உனக்கு நிச்சயம் என்ற வாக்கும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டிலும் ஒருநாள் இப்படி ஏற்பாடு வரும்போது அந்த இரண்டாவது பாதியையும் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவுக்குச் செய்த இன்வேட்டர்களில் டிஆர்எம் என்று, வெளியிலிருந்து கட்டளை வாங்குகிற ஒரு சொக்கற் இருக்கும், 0 முதல் 8 வரை நிலைகள். 0 என்றால் கழன்றுவிடு, 5 என்றால் உற்பத்தி வேண்டாம், 6 என்றால் பாதிக்கு மேல் வேண்டாம், 7 என்றால் முக்காலுக்கு மேல் வேண்டாம். சிலதில் அந்தச் சொக்கற் பார்ப்பதற்கு நெற்வேர்க் சொக்கற் மாதிரியே இருக்கும். அதில் ரவுற்றர் கேபிளைச் சொருகிவிட்டு "இணையம் வருகுதில்லை" என்று கூப்பிடுகிறார்கள். உங்களுக்குத் தேவையில்லையென்றால் மெனுவில் டிஆர்எம்மை நிறுத்திவையுங்கள்.

60 வீதம் என்றால் எதில் 60?

நல்ல கேள்வி. 20 கிலோவாற் இன்வேட்டர், உள்ளே பாவனை 7 என்று வைப்போம். எல்லையை இன்வேட்டர் வாயில் வைத்தால் உற்பத்தி 12, உள்ளே 7 போக லைனுக்கு 5. அதே 12-ஐப் படலையில், அதாவது மெயின் மீற்றரில் வைத்தால், உற்பத்தி 19 வரை போகலாம், லைனுக்கு 12. ஒரே எண், ஏழு கிலோவாற் வித்தியாசம். உங்களிடம் கேட்டது எது என்று பார்த்து வையுங்கள்.

படலையில் வைப்பதானால் அங்கே மாட்டுகிற கரண்ட் சென்சரின் திசை சரியாக இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் பெட்டி குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டும். சோலாரை முழுக்க நிறுத்திவிட்டு உள்ளே ஒரு மோட்டரைப் போடுங்கள், லைனிலிருந்து வாங்குவதாகக் காட்டினால் சரி.

சிக்னலே இல்லாமல் நண்பகலில் என் சோலார் தானாகக் குறைகிறதே?

லைனே சிக்னல் கொடுக்கிறது. நம் கிராமங்களில் ட்ரான்ஸ்போமருக்கும் கடைசி வீட்டுக்கும் தூரம் அதிகம், மெல்லிய லைன். எல்லோரும் ஒரே நேரம் தள்ளினால் கடைசி வீட்டில் வோல்ற்றளவு ஏறும். இங்கே அனுமதி 230-இல் கூடக்குறைய 6 வீதம், அதாவது சுமார் 216 முதல் 244 வரை. மேல் எல்லைக்குக் கிட்டப் போக இன்வேட்டர் குறைக்கும், இல்லாவிட்டால் கழன்றுவிடும். அதிர்வெண் 50-க்கு மேலே ஏறினாலும் அப்படித்தான். நண்பகல் வோல்ற்றளவை ஒரு கிழமை எழுதிவைத்துக்கொண்டு மின்சார சபைக்குப் போங்கள். இன்வேட்டரில் அந்த மேல் எல்லையைக் கள்ளமாக உயர்த்திவிடாதீர்கள், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜும் அதே லைனில்தான் இருக்கிறது.

சிக்னல் போனவுடன் முழு வலுவுக்கு வரலாமா?

மெல்ல வர வையுங்கள். நிமிடத்துக்குப் பத்து வீதம் போல. ஒரு ஊரில் முப்பது இன்வேட்டரும் ஒரே வினாடியில் ஏறினால் மேலே சொன்ன வோல்ற்றளவுப் பிரச்சினை திரும்ப வரும். சிக்னலையும் இரண்டு மூன்று வினாடி நிலையாக இருந்தால் மட்டும் நம்பச் சொல்லுங்கள். சோலாரைக் குறைக்கச் சொல்லி இரண்டு சிக்னல் ஒன்றாக வந்தால் எது சிறிய எண்ணோ அதுவே செல்லும்.

பாவனைப் பக்கம் குறைக்கவும் இது உதவுமா? கரண்ட் பில் தாங்க முடியவில்லை.

உதவும், அதுவும் நன்றாக. 42 கேவிஏக்கு மேல் எடுத்த தொழில் இணைப்பு என்றால் அலகுக்கு மட்டுமல்ல, மாதத்தின் ஆக உயர்ந்த கேவிஏக்கும் காசு. மாதத்தில் ஒரே ஒரு கால் மணித்தியாலம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலே போதும், பில் ஏறிவிடும். அதோடு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேர விலை.

ஐஸ் போடுகிற இடத்துக்கு இதில் ஒரு வரம் இருக்கிறது. ஐஸே ஒரு பற்றரி. மாலை 6.30-க்கு ஒரு ரைமர் தொடுகை விழ, பெட்டி கொம்பிரசர்களில் ஒன்றை நிறுத்தும், உப்புத்தண்ணீர்த் தொட்டி அதுவரை சேர்த்த குளிரில் சமாளிக்கும். தொட்டியின் வெப்பநிலை ஏறினால் தெர்மோஸ்ராற் இன்னொரு உள்ளீட்டில் "இல்லை, போடு" என்று சொல்லும். நிறுத்திய கொம்பிரசரை உடனே எடுக்கக் கூடாது, அழுத்தம் சமனாகச் சில நிமிடம் விடுங்கள்.

தோட்டக்காரருக்கு: சிறுபோகத்தில் கிணறு இறங்கும்போது மிதவைச் சுவிட்ச் பம்பை ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை. வேகத்தை 80 வீதத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். மையநீக்கப் பம்பில் வேகம் 80 வீதமானால் இழுக்கிற வலு கிட்டத்தட்ட பாதியாகும், ஊற்று ஊறுகிற வேகத்துக்கு இறைப்பும் ஒத்துப்போகும். இன்னும் கீழே இரண்டாவது மிதவை, அது முழுதாக நிறுத்த.

எல்லாம் போட்டாயிற்று. சரி பார்ப்பது எப்படி?

வெயில் உச்சியில் இருக்கும்போது பாருங்கள், மப்பில் பார்த்து ஒன்றும் தெரியாது. கிளாம்ப் மீற்றரை இன்வேட்டர் வயரில் மாட்டிவிட்டு, சிக்னல் வயரைக் கையால் கழற்றுங்கள். எத்தனை வினாடியில் இறங்குகிறது, எதுவரை இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு உண்மையாகவே மெயினை இறக்கி, ஜெனரேற்றரை எடுத்து, ஆலை மோட்டரைப் போட்டு, திடீரென்று நிறுத்துங்கள்; பாவனை சடாரென்று விழும்போது பெட்டி போதிய வேகத்தில் சோலாரை இறக்குகிறதா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பலர் இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் போகிறார்கள்.

எந்த வயர் எந்த உள்ளீடு, தொட்டால் என்ன, விட்டால் என்ன என்று ஒரு தாளில் பேனையால் கீறி, திகதி போட்டு, பொலித்தீனில் சுற்றிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை பார்க்க வருவது நானாக இருக்காது.